உறையை மட்டும் புகழ்ந்த கடிதம்

மார்ச் 4

விழுமுன் தாங்கும் கையும் விழுந்தபின் தூக்கும் கையும்
தொழுமுன் அறியும் நெஞ்சும் உடையவன் தாளே துணை.

அன்பும் பண்பும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இறையருளால் இங்கு நானும் என் இல்லாளும் நலம். அங்குத் தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், வயிற்றில் ஓர் உயிரைச் சுமக்கும் என் மகளும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன். பெண்ணைக் கொடுத்தவன், பிள்ளையைப் பெற்றவர் என்று இதுவரை இரு கரையில் நின்றோம். செப்டம்பரில் ஒரே நொடியில் இருவரும் தாத்தாவாகப் போகிறோம். இந்தப் பேற்றுக்கு என்ன தவம் செய்தோம்!

இனி, தங்களிடம் மட்டும் சொல்லக்கூடிய ஒரு செய்தி. சென்ற வாரம் வழிபாடு முடித்துத் தரையிலிருந்து எழ முயன்றேன். கால்கள் இசையவில்லை. ஒரு கையை இல்லாளும், மறு கையை மின்சாரக் கணக்கெடுக்க வந்தவரும் பற்றி இழுத்து நிறுத்தினர். இல்லாள் அன்றே மகளுக்குத் தொலைபேசியில் ஓதிவிட்டாள். மகள் சொன்னாள்: "அப்பா, கோவிச்சுக்காதீங்க. குழந்தைய நாற்காலியில உக்காந்து வாங்கிக்கோங்க. தூக்கிக்கிட்டு எழுந்திருக்கவோ நடக்கவோ நான் குடுக்க மாட்டேன்."

நியாயம்தான். ஆயினும் எனக்கு ஓர் ஆசை உண்டு. பேரக்குழந்தையை மடியில் இருத்தித் தரையில் அமர்ந்து வழிபட வேண்டும். முடிந்ததும் அதைக் கையில் ஏந்தியவாறே, எவர் கையையும் பற்றாமல் எழ வேண்டும். இறைவனிடம் இதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மருத்துவரிடம் சென்றேன். "நடந்தா மட்டும் போதாதுங்க ஐயா. உக்காந்து எழுந்திரிக்கிற பலம் வேணும், தடுமாறாம நிக்கப் பழகணும். தற்காப்புக் கலை வகுப்பு ஏதாவது ஒண்ணுல சேருங்க. ஆனா பாத்துச் சேருங்க, இந்த வயசுல எலும்பு உடைஞ்சா படுக்கைதான்" என்றார். இதைக் கேட்டு என் இல்லாள் சிரித்த சிரிப்பில் மருத்துவரும் சேர்ந்துகொண்டார். நாற்பதாண்டுகளாக இலக்கிய மன்றத்தில் அமர்ந்து காவியப் போர்க்களங்களை வாயாலேயே நடத்தியவன் நான். ஒரு கொசுவைக்கூட ஓங்கி அடித்ததில்லை.

தாங்களோ அங்கு ஊர் முழுதும் வண்டியில் மெத்தை இறக்குபவர். எந்தத் தெருவில் எந்தப் பயிற்சிக்கூடம் என்று தங்களுக்குத் தெரியாததா? அருள்கூர்ந்து சிலவற்றைப் பார்த்து, மிகக் குறைவாகக் காயம் தரும் கலை எதுவென எழுதுங்கள். குடும்பத்தார் அனைவருக்கும் என் ஆசிகள்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி


மார்ச் 19

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். மருமகள் நன்றாகச் சாப்பிடுகிறாள். மாலையில் பட்டறைக்கு வந்து பஞ்சுப் பொதியில் சாய்ந்துகொண்டு எனக்குக் கணக்குச் சொல்கிறாள். கவலை வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி நாலு இடம் பார்த்தேன். முதலில் குத்துச்சண்டை. உள்ளே நுழைந்ததும் என் வங்கிக் காசாளர் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறார். "என்ன சார் இது?" என்றேன். "ஒண்ணுமில்ல, இன்னிக்கு லேசாத்தான்" என்றார். நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அடுத்தது கராத்தே. ஆசிரியர் நல்ல மனிதர், வயது நாற்பதுதான். அவர் குனிந்து நிமிர்ந்தபோது முழங்காலிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவது தாய்ச்சி. பூங்காவில் காற்றைத் தடவிக்கொடுப்பதுபோல் மெதுவாகச் செய்கிறார்கள். யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் எல்லாமே நின்றபடிதான். தரையில் உட்கார்ந்து எழ அங்கே சொல்லித்தருவதில்லை.

நாலாவது ஜூடோ. பேரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். பெரியவர்களுக்குத் தனி வகுப்பு இருக்கிறது, அதில் யாரும் யாரையும் தூக்கிப் போடுவதில்லை. உட்காருவது, உருளுவது, எழுந்திருப்பது, இவ்வளவுதான். பணம் வாங்குவதற்கு முன்னால் "சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, எந்த மூட்டு வலிக்குது?" என்று கேட்கிறார்கள். அது எனக்குப் பிடித்தது. பிடிக்காதது ஒன்றுதான்: தரையில் போட்டிருக்கிற விரிப்பு. கைமுட்டியை மடக்கி அழுத்திப் பார்த்தேன். கல்! அதில் படுத்தால் மூட்டைப்பூச்சிக்குக்கூட முதுகு வலிக்கும்.

என் வீட்டுக்காரி கேட்கிறாள்: "சம்பந்திக்காகப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டு நீங்க எதுக்கு ட்ராக் பேண்ட் வாங்குனீங்க?" அதை மடித்துப் பஞ்சுப் பொதிக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
மெத்தைக்காரர்


ஏப்ரல் 6

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இங்கு நலம். சம்பந்தியம்மாவின் கேள்விக்கு விடை காணும் ஆற்றலை இறைவன் தங்களுக்கு அருள்வானாக.

தங்கள் நான்கு சாட்சிகளையும் சீர்தூக்கி ஜூடோவையே தேர்ந்தேன். எங்கள் ஊரிலும் அத்தகைய முதியோர் வகுப்பு இருக்கிறது. ஆசிரியை பகலில் அஞ்சலகத்தில் தபால்தலை விற்பவர். எனக்கு இணையாக வாய்த்தவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். முதல் நாள் என் தோளைப் பற்றியதும், "மெதுவா வாங்க சார், எனக்கு பிரேக் புடிக்க லேட்டாகும்" என்றார்.

அங்கு இரண்டு வழக்கங்கள் என்னை ஆட்கொண்டன. தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எதிராளியை வணங்க வேண்டும். இது ஒன்று. மற்றொன்று இதனினும் உயர்ந்தது. வலித்தால் கையால் தரையைத் தட்டினால் போதும், எதிராளி அக்கணமே பிடியை விட்டுவிட வேண்டும். காரணம் கேட்கக்கூடாது, கேலி செய்யக்கூடாது. நான் விரித்துரைத்த போர்க்களம் எதிலேனும் இப்படி ஒரு நெறி இருந்திருந்தால் எத்தனை குலங்கள் பிழைத்திருக்கும்!

விரிப்பு கடினம் என்பது உண்மையே. ஆயினும் பழகிவிடும். என் மகளை நன்கு உறங்கச் சொல்லுங்கள். அனைவருக்கும் ஆசிகள்.

அன்புடன்,
சம்பந்தி


ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். மருமகளுக்கு வாந்தி நின்றுவிட்டது. இப்போது நடுராத்திரியில் பசிக்கிறதாம், மகன்தான் தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறான்.

"பழகிவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறவனின் சம்பந்தி கல்லில் உருளுவதா? நாலு பேர் கேட்டால் என்ன சொல்வார்கள்? வீட்டில் நீங்கள் பயிற்சி செய்ய ஒரு மெத்தை தைக்கத் தொடங்கிவிட்டேன். அடியில் நுரை, மேலே இலவம்பஞ்சு, ஆறு விரற்கடை கனம். விழுந்தால் மேகத்தில் விழுந்த மாதிரி இருக்கும். "மாமா, இது அப்பா உருளவா, தூங்கவா?" என்று மருமகள் கேட்டாள். "ரெண்டுக்கும்தாம்மா" என்றேன். உறைக்கு நீலமா, காவியா என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெத்தைக்காரர்


மே 9

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். யாவரும் நலம். நீலம் போதும், காவிக்கு நான் இன்னும் தகுதி பெறவில்லை.

ஒரு நற்செய்தி. முக்காலியில் ஒரு கையை ஊன்றி, பிறர் துணையின்றித் தரையிலிருந்து எழுந்துவிட்டேன். ஒரு முழங்கால் தரையில், மறு பாதம் முன்னால், மூச்சை விட்டவாறு எழவேண்டும். நான் தரையையே நோக்கிக்கொண்டிருந்தபோது ஆசிரியை, "முன்னால பாருங்க ஐயா. தரைய எதுக்குப் பாக்குறீங்க? அது எங்கயும் போயிடாது" என்றார். வேதாந்தம் கற்க அஞ்சலகத்துக்குச் சென்றிருக்கலாம் போலும்! ஓட்டுநர் எழுந்து நின்றதும் வாயாலேயே ஊதல் ஊதிப் புறப்பாடு அறிவிக்கிறார். வகுப்பே சிரிக்கிறது.

செப்டம்பருக்குள் முக்காலியையும் விடுவேன். தங்கள் அன்புப் பரிசை எதிர்நோக்கியிருக்கிறேன். அனைவருக்கும் ஆசிகள்.

அன்புடன்,
சம்பந்தி


ஜூன் 18

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

நலம். நலமறிய மிகவும் ஆவல். மாதத் தொடக்கத்திலேயே மெத்தையைப் பார்சலில் அனுப்பினேன். வந்ததா? கடிதம் இல்லையே. எப்படி இருக்கிறது? மென்மை போதுமா?

இன்னொன்று. பூங்காவில் காற்றைத் தடவும் கூட்டத்தில் நானும் சேர்ந்துவிட்டேன். வீட்டுக்காரிக்குத் தெரியும். ட்ராக் பேண்ட் தைரியமாக வெளியே காய்கிறது.

இப்படிக்கு,
மெத்தைக்காரர்


ஜூன் 30

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். தாமதத்தைப் பொறுத்தருள்க. இங்கு யாவும் நலம்.

மெத்தை வந்து சேர்ந்தது. உறையின் நீலம் மழைக்கு முந்திய வானத்தை ஒத்திருக்கிறது. ஓரத் தையலின் நேர்த்தியைக் காண அண்டை வீட்டார் வந்து சென்றனர். நாடாக்களின் முடிச்சுகூட அழகு.

இப்பொழுதெல்லாம் சன்னலருகே நாற்காலியில் அமர்ந்தே வழிபடுகிறேன், எழுதுகிறேன். காற்று நன்கு வருகிறது. தங்கள் தாய்ச்சிப் பயிற்சி பற்றி விரிவாக எழுதுங்கள். என் மகளின் உடல்நிலை எவ்வாறுள்ளது? சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
சம்பந்தி


ஜூலை 4

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமில்லை.

நாற்பது வருஷமாக மெத்தை விற்கிறேன். பிடித்திருந்தால் ஜனங்கள் "அண்ணே, படுத்ததுதான் தெரியும்" என்பார்கள். பிடிக்காவிட்டால் முரடர்கள் திட்டுவார்கள். மரியாதையானவர்கள் மட்டும் உறையைப் புகழ்வார்கள். உறை, தையல், நாடா என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜூடோவைப் பற்றி இல்லை. ஓட்டுநரைப் பற்றி இல்லை. அதற்கும் மேலே நாற்காலியில் உட்கார்ந்து சாமி கும்பிடுகிறீர்களாம், காற்று வருகிறதாம். தரையில் உட்கார்ந்து எழுவதற்காகவே இத்தனை பாடுபட்ட மனுஷன் காற்றுக்காகவா நாற்காலி ஏறுவார்?

என் வீட்டுக்காரியிடம் கடிதத்தைக் காட்டினேன். "உங்க மெத்தை அவர எதோ பண்ணியிருக்கு" என்றாள்.

மறைக்காமல் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஊசி, நூல், கத்தரியோடு நேரில் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
மெத்தைக்காரர்


ஜூலை 11

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

வலித்தால் தட்ட வேண்டும் என்ற நெறியை வியந்து எழுதியவன் நான். அதை வகுப்பில் காத்தேன். தங்களிடம் காக்கத் தவறினேன். இதோ, தட்டுகிறேன்.

மெத்தை வந்த அன்றே அதன்மீது ஏறி நின்று, ஒரு காலில் திரும்பும் பயிற்சியைச் செய்தேன். பாதம் பஞ்சில் புதைந்தது. உடல் திரும்பியது; பாதம் திரும்பவில்லை. கணுக்கால் சுளுக்கிப் பூசணிபோல் வீங்கிற்று. எலும்புக்கு ஊறில்லை, இறைவன் காத்தான். விழுந்ததில் வேறெங்கும் ஒரு கீறல்கூட இல்லை; அவ்வகையில் தங்கள் மேகம் வாக்குத் தவறவில்லை. வகுப்புக்குச் செல்ல மருத்துவர் இன்னும் இசையவில்லை.

நலம் விசாரிக்க வந்த ஆசிரியை விளக்கினார்: "ஐயா, எங்க விரிப்பு கடினமா இருக்கறதே உங்க காலுக்காகத்தான். படுக்கத்தான் மெத்து வேணும். நிக்கறதுக்குத் தரை உறுதியா இருக்கணும்."

தங்களுக்கு எப்படி எழுதுவேன்? என் எலும்பு நோகக்கூடாதென்று தாங்கள் கண்விழித்துத் தைத்த மெத்தை அது. அன்பே என் காலை இடறிவிட்டது என்று சொல்ல நா எழவில்லை. இல்லாளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மகளுக்கு ஒரு சொல்லும் தெரியாது, தெரியவும் வேண்டாம். செப்டம்பர் நெருங்குகிறது, அந்த ஆசையை இறைவன் திருவடியில் வைத்துவிட்டேன். தாங்கள் அலைய வேண்டா. அனைவருக்கும் ஆசிகள்.

அன்புடன்,
சம்பந்தி


ஆகஸ்ட் 8

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். உங்கள் வீட்டு அக்கா கட்டிக்கொடுத்த சோறு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றதற்கு மன்னிக்கவும். "வேண்டா" என்று எழுதினால் வராமல் இருப்பேன் என்று எப்படி நினைத்தீர்கள்?

உங்கள் ஆசிரியையின் பயிற்சிக்கூடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல் விரிப்பின்மேல் ஒற்றைக் காலில் நின்று பார்த்தேன் அல்லவா? அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக மனுஷரைத் தூங்க வைக்கத்தான் நான் தைத்திருக்கிறேன். எழுப்பி நிறுத்த ஒன்றுகூடத் தைத்ததில்லை.

உங்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து மெத்தையைப் பிரித்து எடுத்த பஞ்சை வீணாக்கவில்லை. அது இப்போது குழந்தைக்குத் தொட்டில் மெத்தையாகிக்கொண்டிருக்கிறது. உங்கள் மெத்தைக்குள் நான் அடைத்துவிட்டு வந்த தேங்காய்நார்த் தகடு அமுங்காது, நகராது. நான் ஏறிக் குதித்ததை நீங்களே பார்த்தீர்கள். அக்காதான் பாவம், கீழ்வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லவேண்டியதாயிற்று. உறை அதே நீலம்தான், உங்களுக்குத்தான் அது ரொம்பப் பிடிக்குமே!

ஆசிரியை சொன்னபடி இந்த மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு மட்டும் செய்யுங்கள். வலித்தால் தட்டுங்கள். இங்கே கேட்கிற மாதிரித் தட்டுங்கள்.

இப்படிக்கு,
மெத்தைக்காரர்


நவம்பர் 27

பேரன்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். இறையருளால் இங்கு நானும் இல்லாளும், வந்திருக்கும் மகளும் மாப்பிள்ளையும், நம் இருவரின் பேத்தியும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் பேத்தி இல்லாத வீட்டில் எப்படி இருக்கிறீர்கள்? பத்து நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப மனம் வந்தால் அனுப்பிவைக்கிறேன்.

செப்டம்பரில் மருத்துவமனையில் நான் அவளை முதன்முதலாகக் கையில் வாங்கியது தங்களுக்கு நினைவிருக்கும். நாற்காலியில்தான் அமர்ந்திருந்தேன். என் கைகளுக்குக் கீழே மகள் தன் இரு கைகளையும் வைத்துக்கொண்டே நின்றாள். குழந்தையின் கனத்தைக் கடைசிவரை நான் அறியவில்லை. மகளின் அச்சத்தின் கனத்தையே அறிந்தேன். அவளைக் குறை சொல்லவில்லை. தாய் அவள்.

கணுக்கால் தேறி அக்டோபர் முதல் மீண்டும் வகுப்புக்குச் செல்கிறேன்; ஆயினும் முக்காலியை இன்னும் விட்டதில்லை. நேற்றுக் காலை நடந்ததைக் கேளுங்கள். தாங்கள் செப்பனிட்ட நீல விரிப்பின்மீது அமர்ந்து வழிபாட்டைத் தொடங்கியிருந்தேன். மகள் குழந்தையை என் மடியில் கிடத்தி அருகில் அமர்ந்தாள். பேத்தி என் சால்வை நுனியைச் சுவைத்தபடி, நான் சொல்லும் தோத்திரங்களுக்கெல்லாம் "ஊ" கொட்டினாள். மன்றத்தில் எனக்கு இத்தகைய சுவைஞர் வாய்த்ததில்லை. அப்பொழுது அடுத்த அறையில் தொலைபேசி ஒலித்தது. "ஒரு நிமிஷம்பா, அசையாம இருங்க" என்று மகள் எழுந்து சென்றாள். இல்லாள் குளியலறையில், மாப்பிள்ளை மொட்டைமாடியில்.

மகள் மறைந்ததும் பேத்தியின் முகம் கோணிற்று. உதடு பிதுங்கிற்று. பின்னர் எழுந்த ஓசையைத் தாங்கள் அறிவீர்கள். தங்கள் குரல்வளையே அவளுக்கு வாய்த்திருக்கிறது. ஆட்டினேன், பாடினேன், முகத்தை அஷ்டகோணலாக்கிக் காட்டினேன். அவளுக்கு வேண்டியது ஒன்றே: யாரேனும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

நான் எண்ணித் துணியவில்லை, சம்பந்தி. எண்ணியிருந்தால் அஞ்சியிருப்பேன். குழந்தையை மார்போடு அணைத்தேன். ஒரு முழங்கால் கீழே ஊன்றிற்று. மறு பாதம் முன்னே சென்றது. புதையவில்லை. தங்கள் விரிப்பு பாறைபோல் தாங்கிற்று. தரையை நோக்கவில்லை, சன்னலை நோக்கினேன். மூச்சு வெளியேறிற்று. அடுத்த கணம் நின்றுகொண்டிருந்தேன். இரு கைகளிலும் பேத்தி இருந்தாள். முக்காலி அறை மூலையில் தனியே கிடந்தது. அவள் அழுகையை நிறுத்தி என் மூக்கைப் பற்றினாள். அப்படியே சன்னல்வரை நடந்தேன். ஓட்டுநர் இருந்திருந்தால் ஊதியிருப்பார். அவர் பொருட்டு நானே மெல்ல ஊதினேன்.

திரும்பினால், வாசற்படியில் மகள் நிற்கிறாள். எப்பொழுது வந்தாளோ! என்னைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். மூலையில் கிடந்த முக்காலியைப் பார்த்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சொல்லாதிருந்தால் குறை என்னும் தங்கள் விதி நினைவுக்கு வந்தது. உறையையேனும் புகழ்வாளோ என்று காத்திருந்தேன். அவள் வந்து குழந்தையின் கன்னத்தில் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். கைகளை நீட்டவில்லை. ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள்.

"அப்பா, நான் தெருமுனைக் கடைவரைக்கும் போயிட்டு வரேன். இவள பாத்துக்கோங்க" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. மாடிப்படியில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்தவாறு இறங்குவது கேட்டது.

ஆகவே, தங்கள் விதிக்கு ஒரு விலக்கு உண்டென்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பேத்தி என் தோளை நனைத்த செய்தியையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். இனி தங்களிடம் எதையும் மறைப்பதில்லை என்பது விரதம்.

வீழ்வோரைத் தாங்கி, எழுவோருக்கு நிலமாய் நிற்கும் பரம்பொருள், இக்கடிதத்தை வாசிப்பவரையும், அருகிலிருந்து வாசிக்கக் கேட்பவரையும், அவர்தம் இல்லத்தையும் காப்பானாக. அங்கு முதியோர் கால்கள் உறுதி பெறுக. மழலையர் கைகள் அவர்தம் மூக்கைப் பற்றி விளையாடுக. தட்டும் ஓசை எங்கு எழுந்தாலும் அக்கணமே விடும் கையும், உடனே நீளும் கையும் அவ்வீட்டில் என்றும் குறையாதிருக்க.